ஏழு மில்லிமீட்டர் தடிப்பு

தாவரவியலில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அந்தக் கார்டைப் புதுப்பிப்பதே தொழில் என்று இருந்த வருஷத்தில், தஞ்சாவூரில் ஒரு ஒவ்வாமை கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. மருந்துக்கடை மாடியில் இரண்டே அறை. டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதலாக இருக்கும். சென்னையில் படித்துவிட்டு வந்து புதிதாகத் தொடங்கியிருந்தார். மகரந்தத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல் என்றார். நான் ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை. "போதும்மா, நாளையிலேர்ந்து வா. ஆனா நோயாளிங்ககிட்ட இவ்வளவு பேசக் கூடாது" என்றார்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. நோயாளியின் முன்கையைத் துடைத்து, பால்பாயிண்ட் பேனாவால் வரிசையாக எண் போடுவேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு: நெல் மகரந்தச் சாறு, அருகம்புல், கோரை, தென்னை, ஆமணக்கு, சீமைக்கருவேல், வீட்டுத் தூசி. கூடவே இரண்டு சாட்சிச் சொட்டுகள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர். அது தடிக்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அது தடித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு சொட்டின் நடுவிலும் ஊசி முனையால் ரத்தம் வராமல் லேசாக ஒரு குத்து. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒத்துக்கொள்ளாத இடத்தில் கொசு கடித்ததுபோல வெளுத்துத் தடித்து, சுற்றிலும் சிவந்திருக்கும். அதைக் கண்ணாடி ஸ்கேலால் அளப்பேன். உப்புத் தண்ணீரைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ். இவ்வளவுதான் சங்கதி என்று நினைத்தேன். ஒரு கையில் ஒரு ஆளின் முழுக் கதையும் கால் மணி நேரத்தில் எழுந்து வருகிறது! பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் தும்மினாலும் முன்கையைத்தான் பார்ப்பேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அப்பா ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். விடிந்தால் அங்கே, இருட்டினால் வீடு. வயல் அம்மாவுடையது. உடையது என்றா சொன்னேன்? குத்தகை. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அம்மாவைப் பெற்ற தாத்தா பண்ணையில் கூலிக்கு நின்றவர். வரப்புகளில் சிவப்புக் கொடி நட்டு ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலத்தில் அந்த ஆறு மாவைக் குத்தகைக்குப் பிடித்தார். பிறகு குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது, ஏற்றினார்கள். தாத்தாவுக்குப் பின் வாரிசாக அம்மா பெயர். பதிவேட்டில் பெயர் இருந்தால் சும்மா வெளியேற்ற முடியாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குத்தகைக்காரரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ அந்த நிலத்தில் உடலுழைப்பு போட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உடம்பு அம்மாவுடையது மட்டும்தான்.

அந்த உடம்புக்குத்தான் மூச்சு இழுத்தது. சில மாதங்களில் அடுக்குத் தும்மல், கண்ணில் நீர், மார்பில் பூனை கத்துவதுபோல ஒரு சத்தம். கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு அம்மா தன்பாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசியிலேயே அவளைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். மாத்திரை போட்டிருந்தால் தோல் தடிக்காது. அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

தப்பு வேறிடத்தில் நடந்தது. ஊசி குத்துவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தொந்தரவு எந்த மாதம் வருகிறது, எந்த நேரம், என்ன வேலை செய்யும்போது. மற்றவர்களிடம் இதைத் துருவித் துருவிக் கேட்பேன். ஒரு வாத்தியார் எரிச்சலாகி, "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? சின்ன வயதில், களத்தில் கதிர் அடித்துவிட்டுத் தலை நிறைய நெல் சுணையோடு வந்து அவள் தும்மியது கண்ணிலேயே நின்றது. 'நெல் சாகுபடிக் காலங்களில், வயலில்' என்று நானே எழுதினேன்.

கால் மணி நேரம் கழித்து ஸ்கேலை வைத்தேன். உப்புத் தண்ணீர் பூஜ்யம். ஹிஸ்டமின் ஐந்து. சீமைக்கருவேல் நாலு. அருகம்புல் ஆறு. நெல் ஏழு.

"அம்மா, ஏழு!" என்று கத்திவிட்டேன்.

"என்னடி, பரிட்சையில பாஸா?"

"நெல்லும்மா. உனக்கு நெல்லுதான் ஒத்துக்கல."

அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சோறு திங்கலாமா?"

"சோத்துக்கு ஒண்ணும் இல்ல. பூவுதான்."

"அப்ப சரி" என்றாள், ஏதோ பேரம் படிந்ததுபோல.

அன்று கூட்டம். உள்ளறையில் டாக்டரம்மாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு, "அம்மாவை அடுத்த வாரம் கூட்டிட்டு வா, நான் பேசணும்" என்று மட்டும் சொன்னார். நான் அதுவரை பொறுப்பேனா? கிளினிக் பெயர் அச்சடித்த தாளில் அளவுகளை எடுத்தெழுதி, அடியில், 'முடிவு: நெல் மகரந்த ஒவ்வாமை. வயல் வேலையை அறவே தவிர்க்கவும்' என்று எழுதினேன். எழுதி, 'அறவே'யின் கீழ் சிவப்பு மையில் கோடும் போட்டேன்.

நீடாமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காரியக்காரர் நின்றிருந்தார். எங்கள் குத்தகை நிலத்தின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். அவருடைய நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டது இவர்தான். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, எப்போதும் சிரித்த முகம்.

"என்னம்மா, கையில கோலமெல்லாம் போட்டிருக்கு?" என்றார் அம்மாவிடம்.

"எம்பொண்ணு போட்ட கோலங்க. படிச்ச கோலம்" என்றாள் அம்மா.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நான் அங்கேயே பாடம் நடத்தினேன். ஹிஸ்டமின் முதல் ஏழு மில்லிமீட்டர் வரை. அவரும் நல்ல மாணவராக, "அப்படியா, அடேயப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நம்ம வீட்டம்மாவும் இப்படித்தான் தும்மிக்கிட்டே கெடக்கு. அந்தத் தாளைக் குடு பாப்பா, காட்டிட்டு அனுப்பி வைக்கிறேன்" என்றார். கொடுத்தேன். என் கையெழுத்தை நாலு பேர் பார்க்கட்டுமே என்று இருந்தது.

தாள் திரும்பி வரவில்லை. அம்மாவும் அடுத்த வாரம் கிளினிக்குக்கு வரவில்லை. உளுந்து பிடுங்கும் வேலை வந்துவிட்டது. பங்குனி முதல் வாரத்தில் வருவாய் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. குத்தகைதாரர் உடல்நலம் கெட்டு வயல் வேலைக்குத் தகுதியற்றவராகிவிட்டார்; கணவர் ரயிலடியில், மகள் தஞ்சாவூரில்; குடும்பத்தில் ஒருவரும் உடலுழைப்பு தராததால் நிலத்தை மீட்டுத் தர வேண்டும். ஆதாரம்: மருத்துவச் சீட்டு ஒன்று.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காக வழக்காடும் வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் நோட்டீஸைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க ரெண்டு வருஷமா போராடித்தான் இந்த ஊர்ல இருபது பேரோட பேரை ஏத்தினோம். நீ ஒரு வரியில எறக்கிட்டியேம்மா" என்றார். திட்டவில்லை. சொல்லிவிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். 

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலடிக்கே திரும்பிப் போய்விட்டார். அம்மா மட்டும், "அவன் கேட்டான், இவ குடுத்தா. நானுந்தான பக்கத்துல நின்னேன்" என்று அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கிளினிக் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அந்த ஏழு மில்லிமீட்டரை எப்படி இரண்டாக்கலாம் என்ற நினைப்பில் இருந்தேன். அம்மா தலையில் விறகுக் கட்டோடு வாசலுக்கு வந்தாள். கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தும்மல். எண்ணினேன், பதினாறு. பிறகு அந்தப் பூனைச் சத்தம். மாத்திரையும் வெந்நீரும் கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சும்மா எதிரே பார்த்தேன். எதிரே வயல். அறுத்து, உளுந்தும் பிடுங்கி, மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு நெல் பயிர் இல்லை.

"ஏம்மா, வயல்ல நெல்லே இல்லையே?"

"பங்குனியில எவன்டி நெல்லு வச்சிருப்பான்?"

"அப்ப நீ ஏன் தும்முற?"

"வருஷா வருஷம் இப்பத்தான தும்முவேன். பங்குனி பாதியில புடிச்சா வைகாசி முடியற வரைக்கும்."

"இத ஏன் நீ சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட?"

விறகுக் கட்டைப் பார்த்தேன். சீமைக்கருவேல். வடிகால் கரை முழுக்க அதுதான் காடாக நிற்கிறது. பங்குனி, சித்திரையில் மஞ்சளாகப் பூத்துத் தொங்கும். வயல் வேலை இல்லாத அந்த இரண்டு மூன்று மாதமும் பெண்கள் கரையில் விறகு வெட்டுவார்கள். அம்மாவின் சேலையிலும் தலைமுடியிலும் மஞ்சள் துகள் ஒட்டியிருந்தது. நாலு மில்லிமீட்டர் என்று நான் ஒதுக்கிய சொட்டு.

இப்போதாவது ஒழுங்காகக் கேட்போம் என்று படிவத்தில் உள்ள எல்லாக் கேள்வியையும் கேட்டேன். குறுவை பூக்கும் ஆவணியில் எப்படி? ஒன்றுமில்லை. சம்பா பூக்கும் மார்கழியில்? ஒன்றுமில்லை, பனிக்குக் கொஞ்சம் மூக்கொழுகும், அவ்வளவுதான். பூக்கும்போது வயலில் இறங்கினால்?

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பூ வாங்குறப்ப யாருடி எறங்குவா? வெயில் ஏறுனதும் நெல்லு வாயத் தொறக்கும். உச்சி வரைக்கும் யாரும் கால வைக்க மாட்டோம். ஒடம்பு பட்டா பதராப் போயிரும். நீ என்னத்த காலேஜுல படிச்ச?"

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள் எழுதிய கதையையும்தான். அவர் முகம் சிவந்துவிட்டது. "என் பேர் போட்ட தாள்ல நீ எப்படி முடிவு எழுதுவ? உன் வேலை நீளம், அகலம். அதோட நிறுத்தணும்." பிறகு, "அம்மாவை வரச் சொல்லு. ஒண்ணு தெரிஞ்சுக்க, கேஸுக்காக நான் எழுத மாட்டேன். நெல்லுதான் காரணம்னு எனக்குப் பட்டா, அதைத்தான் எழுதுவேன்" என்றார்.

அம்மா கிளினிக்குக்கு வரும் வரை அந்த ஒரு நாள் இருந்தேனே, அதைச் சொல்லி மாளாது. அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையெல்லாம். ஆனால் அன்று முழுக்க, அவளுக்கு இன்ன வியாதிதான் இருக்க வேண்டும், இன்னது இருக்கக் கூடாது என்று சாமியிடம் பட்டியல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். மார்பில் குழலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அம்மா முன்னாலேயே சொன்னார். தோல் தடித்தால், அந்தப் பொருளை உடம்பு அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் தொந்தரவு வருகிறது என்று அர்த்தம் இல்லை. வருகிறதா என்பதை மாதமும் வேலையும்தான் சொல்ல வேண்டும். நெல்லும் அருகம்புல்லும் ஒரே புல் குடும்பம். ஒன்றைக் கண்ட உடம்பு மற்றதற்கும் தடிக்கும். ஏழு பெரியது, நாலு சின்னது என்பதை வைத்து நோயின் அளவை அளக்க முடியாது. "இவங்களுக்குத் தொந்தரவு வர்ற மாசத்துல நெல் இல்ல. நெல் பூக்குற மாசத்துல தொந்தரவு இல்ல. அப்புறம் ஏழு இருந்தா என்ன, எழுபது இருந்தா என்ன?" 

"எழுபது இருந்தா கையே பத்தாதுங்களே டாக்டரம்மா" என்றாள் அம்மா. 

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சீமைக்கருவேல்தான் காரணம், விறகு வெட்டப் போகக் கூடாது, பங்குனி பிறக்கும் முன்பே மருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லி, சான்றிதழ் எழுதினார். அதில் அவர் நெல்லின் ஏழு மில்லிமீட்டரை மறைக்கவில்லை. எழுதி, அதற்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்று இரண்டு வரி விளக்கியிருந்தார்.

ஆனி மாதம் விசாரணை. வருவாய் நீதிமன்றம் என்றால் பெரிய மண்டபம் என்று நினைத்திருந்தேன். மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, மேலே ஒரு மின்விசிறி, கதவு வரை ஆட்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்க்கட்சி வக்கீல் சென்னையிலிருந்து வந்தவர். என் தாளை என் கையிலேயே கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"சிவப்புக் கோடும் நீங்க போட்டதுதானா?"

"ஆமாங்க."

"இப்ப உங்க அம்மாவுக்காக மாத்திச் சொல்றீங்க."

வரும் வழியெல்லாம் மகரந்தத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே தயாரித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "அளவு சரிங்க. அதுக்குக் கீழ எழுதினது தப்பு. முடிவு எழுத எனக்கு உரிமை இல்ல, நான் டாக்டர் இல்ல. அம்மாகிட்ட எந்த மாசம் தும்முதுன்னு கேக்காமலே எழுதிட்டேன்" என்றேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து அம்மா. அதிகாரி டாக்டரம்மாவின் சான்றிதழைப் படித்துவிட்டு அவளிடமே கேட்டார்: "நெல் பூக்கும்போது வயல்ல நின்னா தும்மல் வருமாம்மா?"

எங்கள் வக்கீல் வரவே வராது என்று சொல்லச் சொல்லியிருந்தார். அம்மா உள்ளதைச் சொன்னாள்: "பூ வாங்குறப்ப வயல்ல எறங்க மாட்டேங்க."

சென்னை வக்கீல் துள்ளி எழுந்தார். "குறிச்சுக்கணும் சார். வயல்ல இறங்கறதில்லைன்னு அவங்களே ஒத்துக்கறாங்க!"

எங்கள் வக்கீல் பேனாவை மூடினார். ஆனால் கதவோரம் நின்றவர்களிடமிருந்து முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் சென்னை வக்கீலைப் பார்க்காமல், ஓரமாக நின்ற காரியக்காரரைப் பார்த்தார்.

"நீங்கதான் பண்ணையப் பாத்துக்கறீங்களா?"

"ஆமாங்க."

"உங்க சொந்தச் சாகுபடி எவ்வளவு?"

"ஒரு வேலிங்க. இருவது மா."

"பூ வாங்குற நேரத்துல, வெயில் ஏறுனப்புறம், அதுல ஆள் எறக்குவீங்களா?"

காரியக்காரர் முதலாளியின் வக்கீலைப் பார்த்தார். கதவோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் விவசாயிகள். இறக்குவேன் என்று சொன்னால் ஊரில் எவனும் அவரை விவசாயி என்று மதிக்க மாட்டான்.

"எறக்க மாட்டேங்க" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "யாரும் எறக்க மாட்டாங்க" என்றும் சொன்னார்.

வக்கீல் திரும்பி அவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். "அது அப்படித்தாங்க சார், உங்களுக்குத் தெரியாது" என்று காரியக்காரர் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"நாத்து நடுறது, களை எடுக்கிறது, அறுக்கிறது?" என்று அதிகாரி அம்மாவிடம் திரும்பினார்.

"நான்தாங்க. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வச்சுக்குவேன். அவங்களோட நானும் எறங்குவேன்."

"இந்த வருஷம்?"

"நாத்து விட்டாச்சுங்க. இருவது நாளாச்சு."

தீர்ப்பை அடுத்த வாய்தாவுக்கு வைத்தார்கள். அந்த வாரம் எப்படிப் போனது என்று தெரியாது. கிளினிக்கில் நீளம், அகலம் மட்டும் எழுதினேன். படிவத்தை நிரப்ப முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டம்மா அவர் கல்யாணத்திலிருந்து கதையை ஆரம்பித்தபோதுகூட நிறுத்தச் சொல்லவில்லை.

வாய்தா நாளில் மனு தள்ளுபடி ஆனது. குத்தகைதாரர் நிலத்தில் தொடர்ந்து உடலுழைப்பு தந்து வருகிறார், மருத்துவச் சீட்டு அதற்கு மாறாக எதையும் நிரூபிக்கவில்லை என்று எழுதியிருந்தது. வெளியே வேப்பமர நிழலில் நின்று அம்மாவுக்கு முழுசாகப் படித்துக்காட்டினேன். மேல்முறையீடு செய்யலாம், செய்வார்கள் என்றார் வக்கீல். காரியக்காரர் எங்களைக் கடந்து போனார். முகத்தில் சிரிப்பு இல்லை, விரோதமும் தெரியவில்லை.

"ஆறு மான்னு போட்டிருக்கா?" என்றாள் அம்மா.

"போட்டிருக்கு."

"எம்பேரு?"

"இருக்கும்மா."

"இன்னொருக்கா படி."

அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தேன். கேட்டுக்கொண்டு, தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத யாருகிட்டயும் குடுக்கறதில்ல" என்றாள். "வெரசா வா. நாளைக்கு நாத்துப் பறி, எட்டு ஆளு சொல்லியிருக்கேன். ஒரு ஆளு கொறையுது, நீ லீவு போட்டுட்டு எறங்கு."

லீவு கேட்டால் டாக்டரம்மா என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு அவள் பின்னால் நடந்தேன்.